மியூசியம் என்னும் சொல்

பம்பலப்பிட்டியில் நின்று நூதனசாலைக்கு வழி கேட்டால், “மியூசியமா?” என்று திருப்பிக் கேட்போர் பலர். அச்சொல் கிரேக்கப் புராணத்திற் பிறந்தது.

தேவர்கோனாகிய சியூசுக்கும் நினைவுத் தெய்வமாகிய நெமோசினிக்கும் பிறந்த புதல்வியர் ஒன்பதின்மர். மியூசுகள் எனப்பட்ட அவர்கள் கவிதை, இசை, வரலாறு, வானநூல் முதலியவற்றைக் காத்தனர். அவர்கள் உறையுமிடம் ‘மூசேயோன்’. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி மன்னர் நிறுவிய அறிஞர் கழகம் இப்பெயரைத் தாங்கியது. நெடுங்காலத்தின் பின், ஐரோப்பாவில் அரும்பொருள் திரட்டிவைக்கும் மனைக்கும் அதுவே பெயராயிற்று.

நமது கொழும்பு நூதனசாலை, தேசாதிபதி கிரெகரியின் முயற்சியால் 1877 சனவரி 1ஆம் நாள் திறக்கப்பெற்றது. நூதனம் என்பது புதுமை. நம் சொல் காண்போரின் வியப்பைச் சுட்டுகிறது. கிரேக்கச் சொல்லோ நினைவைச் சுட்டுகிறது. இரண்டும் வேண்டும் என்பதற்கு அங்குள்ள கல்லொன்றே சான்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த அக்கல், 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் பொறிக்கப்பட்டது. தமிழ்ப் பகுதி, தெனவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. 1911இல் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்டபோது, அது மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தது!

நேயர்களே, மறதி அக்கல்லை மதகிற் கிடத்தியது. நினைவு அதனை மண்டபத்தில் நிறுத்தியது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது, அதன்முன் சற்று நின்று அதன் கதையைச் சொல்லுங்கள். சொல்வாரில்லையேல், நினைவின் புதல்வியர் உறையும் மனையும் வெறும் பண்டசாலையே.