உம் கொட்டும் வயது

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர்களைக் கையைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். எத்தனை தரம் கழுவினாலும் நக இடுக்கில் வெள்ளைக் களிமண் ஒட்டியிருக்கும். அப்படியொரு கையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, அகல் விளக்குப் பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டார்.

"அண்ணே, எம் பொண்ணுக்கு ஒன்றரை வயசு ஆவுது. புத்தகத்தப் பிரிச்சாலே புடுங்கி வாயில வெச்சிக்குது. நீங்க எப்படிண்ணே ஒங்க புள்ளைங்களுக்குக் கதை படிச்சீங்க?"

"வெச்சா வெச்சிட்டுப் போவுது, உடுடா தம்பி. ருசி பாக்குது. நீ பாட்டுக்குப் படத்தக் காட்டிப் பேசிக்கினே இரு. ஒரு பக்கம் பாத்தாப் போதும். புத்தகம் கிழிஞ்சா சோத்துப் பசை போட்டு ஒட்டிக்கலாம்."

டீக்கடையில் ஆண்கள் கூடினால் கரண்ட் கட்டு, கூலி பாக்கி, கட்சி என்று பேச்சு போகும். அன்றைக்கு அரை மணி நேரம் பிள்ளைகளைப் பற்றியே பேசினார்கள். ஒருவர், தன் மகன் ஒரே கதையை இருபது நாளாகக் கேட்கிறான், சலிப்பாக இருக்கிறது என்றார். "அவனுக்குச் சலிக்கிற வரைக்கும் அதையே சொல்லு. அடுத்து என்னா வரும்னு அவனுக்குத் தெரியுதுல்ல, அதுலதான் சந்தோசமே" என்றார் பெரியவர். அவர் எட்டாவதோடு பள்ளியை விட்டவர். பிள்ளை வளர்ப்பு பற்றி நான் படித்த பல புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குச் சொல்லித்தர ஆள் உண்டு. தாய் சொல்வாள், மாமியார் சொல்வாள், அங்கன்வாடிப் பணியாளர் சொல்வார், கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து சொல்வார். அப்பாவுக்கு யார் சொல்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் பணம் கட்டும் நாளில்தான் அவரைத் தேடுகிறோம். சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 2017இல் செய்த திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது. தகப்பனுக்கோ, மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் கிடைக்கும். தனியார் வேலையில் இருப்பவருக்கு விடுப்புத் தரச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. சூளையில் வேலை பார்ப்பவர் மனைவியையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மறுநாளே வேலைக்கு வந்தால்தான் அன்றைய கூலி. அதனால்தான் ஓர் அப்பா இன்னொரு அப்பாவிடம் கேட்டுக்கொள்ளும் அந்த டீக்கடைப் பேச்சை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த நாட்டில் ஒரு தகப்பனின் கவலையிலிருந்து ஒரு கல்வி இயக்கமே பிறந்திருக்கிறது. குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா (1885–1939) வக்கீலாக இருந்தவர். 1913இல் மகன் பிறந்தான். இவனை எப்படி வளர்ப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தேடப் போய் மாண்டிசோரி முறைக்கு வந்து சேர்ந்தார். வக்கீல் தொழிலை விட்டார். 1920இல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். 'மீசை வைத்த அம்மா' என்றுதான் குஜராத்தில் அவரை அன்போடு அழைத்தார்கள். அவருடைய புகழ்பெற்ற நூல் 'பகல் கனவு' என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. அதில் வரும் ஆசிரியர் நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பாடப் புத்தகத்தை எடுக்காமல் கதையை எடுக்கிறார். கூச்சல் போட்டுக்கொண்டிருந்த வகுப்பு கதைக்குத்தான் அடங்குகிறது.

கதை கேட்கும் பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும் என்பது நம் வீடுகளின் வழக்கம். 'உம்' நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். தூங்கிவிட்டதா, கவனம் போய்விட்டதா என்று பார்ப்பாள். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியல் அறிஞரின் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோர் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விடாமல் படித்துக்கொண்டே போகாதீர்கள், நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள், பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்பதுதான் பயிற்சி. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றப் பிள்ளைகளை முந்திவிட்டார்கள்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். மூத்தவளுக்குப் படித்துக் காட்டிய காலத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் "இது என்ன எழுத்து, இது என்ன நிறம்?" என்று பரீட்சை வைத்தேன். ஒரு மாதத்தில் நான் புத்தகத்தை எடுத்தாலே அவள் எழுந்து அம்மாவிடம் ஓட ஆரம்பித்தாள். பிள்ளையிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நமக்கு விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். "அந்த முயல் இப்ப என்ன நினைச்சிருக்கும்?" என்று கேட்டால் பதில் பிள்ளையிடம் மட்டும்தான் இருக்கிறது.

புத்தகம் இல்லாத வீட்டிலும் கதைக்குப் பஞ்சமில்லை. அதுவும் விருத்தாசலத்தில் கேட்கவே வேண்டாம். சுந்தரருக்கு இங்கே சிவபெருமான் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் வரை நடக்க முடியுமா? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போய், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற பேச்சு நம்மிடம் வந்தது இந்தக் கதையால்தான் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் இல்லாத ஆற்றைப் பாலத்தில் நின்று காட்டி, இளையவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவனுக்கு நாலு வயது.

"பொன்னு எப்படிப்பா அங்க போச்சு?"

"நீ சொல்லு."

கொஞ்ச நேரம் மணலையே பார்த்தான். "மீன் தூக்கினு போயிருக்கும். ஒரு மீனு ஒண்ணு, ஒரு மீனு ஒண்ணு." அப்புறம் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அவ்ளோ மீனு இருந்துச்சாப்பா இங்க?" அவன் கேட்டது ஆற்றைப் பற்றிய கேள்வி. வீட்டுக்கு வரும்வரை ஆற்றைப் பற்றியே பேசினோம்.

விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போனால் எண்ணிக்கைப் பாடம் தனியாக வேண்டாம். கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து. ஆழத்துப் பிள்ளையார் சந்நிதிக்குப் படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு எண். எண்ணத் தெரிந்த பிள்ளை எண்ணும், தெரியாத பிள்ளை கூடவே கத்தும்.

எந்தப் பேச்சில் கதை சொல்வது என்று ஒரு தயக்கம் அப்பாக்களிடம் இருக்கிறது. "நமக்குச் சுத்தத் தமிழ் வராதுங்க, புள்ள கெட்டுப்போயிடும்" என்கிறார்கள். கெடாது. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன் இந்தப் பேச்சின் சொற்களையெல்லாம் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு புத்தகமே செய்திருக்கிறார். அகராதியில் ஏற வேண்டிய அளவுக்குச் செல்வம் உங்கள் வாயில் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதைப் புத்தகம் மாதிரியே படியுங்கள். பிறகு அதையே உங்கள் பேச்சில் சொல்லுங்கள். பிள்ளைக்கு இரண்டு தமிழும் வசப்படும்.

பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் நுழைவதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, அது வீட்டில் யாருடைய மடியிலாவது நடக்க வேண்டும். தூலிகா, பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் தமிழ்ப் படப் புத்தகங்கள் பல குறைந்த விலையில் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் காசில்லாமலே படிக்கலாம். நெய்வேலி புத்தகக் கண்காட்சி நமக்குப் பக்கம்தான். அங்கே வாங்கினால் பிள்ளையே கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். வாங்க முடியாதவர்களுக்குக் கிளை நூலகம் இருக்கிறது.

செல்போனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சோறு ஊட்ட போனைக் கொடுக்கிறோம். களைத்து வரும் தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். டீக்கடைப் பெரியவர் சொன்னது இதுதான்: "போனப் புடுங்காத, அழுவும். நீ அதவிட ருசியா ஒண்ணக் காட்டு." அவர் ஒரு உருண்டை களிமண்ணை வீட்டுக்கு எடுத்துப் போவாராம். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளை மண். இந்த ஊர் பட்டறைகளுக்குச் சோறு போடும் மண். பிள்ளை ஊரிலில்லாத ஒரு மிருகத்தைப் பிடித்து வைக்கும். அதற்குப் பேர் வைத்து, அதற்கு ஒரு கதை கட்டி, அப்புறம்தான் சோறாம்.

ஊரிலேயே இல்லாத அப்பாக்களும் இந்தப் பக்கம் நிறைய. சென்னையில், வளைகுடாவில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். நம் ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், சினிமா வேலைக்காகப் புனேயில் இருந்தபோது மனைவி கமலாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். காசநோயோடு திரும்பி 1948 ஜூன் 30ஆம் தேதி இறந்தார். மகள் தினகரி அப்போது சிறு குழந்தை. அவர் குரலை எளிதாக எடுத்து வைக்க அன்று வழியில்லை. இன்று இருக்கிறது. துபாயில் இருக்கும் அப்பா ராத்திரி ஒரு கதையை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால், பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே தூங்கும். தெரிந்த வீடொன்றில் நான் இதைப் பார்த்தேன். அந்தப் பையன் போனைப் பார்த்து 'உம்' கொட்டிக்கொண்டிருந்தான்.

பட்டறை உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நவராத்திரி பொம்மை, கார்த்திகை அகல் என்று ஆர்டர் குவியும் மாதங்களில் ஓவர்டைம் தவிர்க்க முடியாதது என்பது தெரியும். சின்னப் பிள்ளை இருக்கும் தொழிலாளர்களை மட்டும் முறை வைத்து, வாரத்தில் இரண்டு நாளாவது, பிள்ளை தூங்குவதற்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆயுத பூஜைக்குப் பொரி கடலை கொடுக்கும்போது ஒரு படப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.