கண்ணோரத்தில் ஒரு கேமரா

2021 ஆகஸ்ட் கடைசியில், பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயப் பாதையில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோ பயிற்சிக்குக் கிளம்பியபோது, அவருடைய ஹெல்மெட்டுக்குள் கண்ணை ஒட்டிய மெத்தைப் பகுதியில் ஒரு கேமரா பதித்திருந்தார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது, எடை சுமார் ஒன்றரை கிராம். அதில் வந்த படத்தைப் பார்த்த ரசிகர்களில் பலர் திகைத்துப்போனார்கள். பல வருடங்களாக அவர்கள் பார்த்துப் பழகிய வழுவழுப்பான ஃபார்முலா ஒன் அதில் இல்லை. ஸ்டீயரிங் உதறியது, சாலை குதித்தது, வளைவுகள் எங்கிருந்தோ வந்து முகத்தில் மோதுவதுபோல் இருந்தன.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்ததோடு பந்தயம் முடிந்தது. பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். "இந்த மழைக்கா நிறுத்துவது?" என்று வீட்டில் சோபாவில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். காரிலிருந்த கேமராக்களில் வெறும் வெள்ளைப் புகைபோல நீர்த்திவலை. முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்குகூட மங்கலாகத்தான் தெரிந்தது. பந்தயம் ஏன் நடக்கவில்லை என்பதை அந்தப் படத்தைவிடத் தெளிவாக எந்த வர்ணனையாளரும் சொல்லியிருக்க முடியாது.

காருக்குள் கேமரா வைக்கும் ஆசை பழையது. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் பந்தயத்தில், சேனல் செவன் நிறுவனத்தார் பீட்டர் வில்லியம்சனின் டொயோட்டா செலிகாவில் ஒரு கேமராவைப் பொருத்தி, மேலே பறந்த ஹெலிகாப்டர் வழியாகப் படத்தை நேரலையாக அனுப்பினார்கள். ஓட்டிக்கொண்டே வில்லியம்சன் வர்ணனையாளர்களோடு பேசவும் செய்தார்! ஃபார்முலா ஒன் இதற்கு 1985 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு ஜெர்மன் கிராண்ட் பிரியில் ரெனோ அணி மூன்றாவதாக ஒரு காரை இறக்கி, அதில் கேமராவை ஏற்றியது. ஓட்டியவர் பிரான்சுவா எஸ்னோ. கிளட்ச் மக்கர் செய்ததால் சீக்கிரமே அவர் விலக நேர்ந்தது. இன்று எல்லாக் கார்களிலும் கேமரா கட்டாயம். ஓட்டுநரின் தலைக்கு மேலே டி வடிவில் நிற்கும் கூட்டில் உள்ளதுதான் நாம் அதிகம் பார்ப்பது. ஒரே அணியின் இரண்டு கார்களையும் அடையாளம் பிரிக்க அந்தக் கூட்டின் நிறத்தைப் பார்த்தால் போதும்: ஒன்றில் கறுப்பு, மற்றதில் மஞ்சள்.

ஆனால் தலைக்கு மேலிருக்கும் கேமரா ஓட்டுநருக்குச் சாதகமாகப் பொய் சொல்கிறது. அது உயரத்தில் இருக்கிறது. அகலமாகக் காட்டும் லென்ஸ் தூரத்தை நீட்டிவிடும். அதிர்வையும் வடிகட்டிவிடுகிறார்கள். அதனால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம்கூட நெடுஞ்சாலைப் பயணம்போல ஆகிவிடுகிறது. ஓட்டுநரோ ஏறக்குறையப் படுத்த நிலையில், தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். வளைவின் உள்விளிம்பு பல இடங்களில் அவருக்குத் தெரியவே தெரியாது. மனப்பாடத்தில்தான் திருப்புகிறார்.

அப்படியானால் ஹெல்மெட் கேமரா முழு உண்மையைச் சொல்கிறதா? அதுவும் இல்லை. தலை குலுங்கும்போது நம் கண்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்து காட்சியை நிலைநிறுத்தும். பேருந்தில் நின்றபடி பெயர்ப்பலகை படிப்பவர்கள் எல்லாருக்கும் இந்தத் திறமை உண்டு. கேமராவுக்கு அது கிடையாது. தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும், கண்மணி எங்கே போகிறது என்பது அதற்குத் தெரியாது. இன்னொன்று, அது ஒற்றைக் கண். 2018-இல் ஓட்டுநரின் தலையைக் காக்க ஹேலோ என்ற வளையம் வந்தபோது, நடுவில் நிற்கும் தூண் பார்வையை மறைக்காதா என்று கேட்காதவர் இல்லை. தூரத்தில் பார்வையைப் பதிக்கும்போது ஒரு கண்ணுக்கு மறைவதை மற்றக் கண் பார்த்துவிடுகிறது. ஓட்டுநர்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். கேமராவில் மட்டும் அந்தத் தூண் தூணாகவே நிற்கிறது.

அழகுக்காக வைத்த கேமரா சில நேரம் உளவாளி வேலையும் பார்க்கும். 2020 பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த சோதனை ஓட்டத்தில், நேர்பாதைக்கு வந்ததும் லூயிஸ் ஹாமில்டன் ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் இழுப்பதும், வளைவுக்கு முன் திரும்பத் தள்ளுவதும் படத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. முன்சக்கரங்களின் கோணத்தை ஓடும்போதே மாற்றும் மெர்சிடிஸ் அணியின் ரகசியம் அன்றே அம்பலம். அந்த ஆண்டு அனுமதித்தார்கள், 2021-இலிருந்து தடை.

தொலைக்காட்சிக்கே சம்பந்தமில்லாத கேமராவும் ஒன்று உண்டு. 2016 முதல் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தபடி இருக்கும் அது, நொடிக்கு 400 படங்கள் எடுக்கும். விபத்தில் தலையும் கழுத்தும் எப்படி அசைகின்றன என்று ஆராய்வதற்காக வைத்தது. அந்த ஆண்டு மெல்போர்னில் அலோன்சோவின் கார் உருண்டு நொறுங்கியபோதே அதற்கு வேலை வந்துவிட்டது.

2023-இலிருந்து ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் அனைவருக்கும் ஹெல்மெட் கேமரா கட்டாயமாகிவிட்டது. படம் இருக்கிறது, பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறு. பந்தயத்தின் நடுவே ஐந்து விநாடி காட்டி வெட்டிவிடுகிறார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று அதில் புரியாது என்பதால் இயக்குநர்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. அதற்கு ஏற்ற இடம் தகுதிச் சுற்று. அங்கே துரத்தல் இல்லை, ஒரு கார், ஒரு சுற்று. மொனாக்கோவின் 3.337 கிலோமீட்டரைச் சுமார் எழுபது விநாடியில் சுற்றிவரும் முழு ஹெல்மெட் காட்சி ஒன்றை இணையத்தில் தேடி, ஒலியைக் கூட்டிவைத்து ஒருமுறை பாருங்கள்.