தெரியுமா? ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பெயர்!

நைட்டிக்குப் பேர்போன தளவாய்புரத்தில், ஒரு துணி எத்தனை விதமாகக் கெடும் தெரியுமா? தையல் பிரியும், இழை விடும், பிசிறு தட்டும், சாயம் போகும், நைந்துபோகும், கடைசியில் இற்றுப்போகும்! பிரிந்த தையலை ஊசி காப்பாற்றும். இற்ற துணியோ ஊசி பட்டாலே கிழியும். பழுதின் பெயரைச் சொன்னதுமே அதற்கான வைத்தியமும் தெரிந்துவிடுகிறதே!

களத்துமேட்டுக்கு வாருங்கள். மணியே இல்லாத நெல் பதர், தூற்றித் தள்ளலாம். அரைகுறையாக மணி பிடித்தது கருக்காய். உடைந்த அரிசி குருணை. கோழிக்குப் போடலாம், கஞ்சியும் காய்ச்சலாம். நொய்யும் உடைந்த அரிசிதான்!

அடுப்படியில்? முறுக்கு நமத்துப்போகும், சோறு ஊசிப்போகும், பால் திரிந்துபோகும். நமத்ததைச் சூடு காட்டி மீட்கலாம். ஊசிய சோற்றைக் கொட்டத்தான் வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் திரியாமல் இருப்பதுதானே உயிர்!

ராஜபாளையம் பக்கத்து மாந்தோப்பில், முற்றும் முன்பே வெயிலில் பழுத்தது வெம்பல். நிறம் இருக்கும், இனிப்பு இருக்காது! கோழிக்கூட்டிலோ, அடைகாத்தும் குஞ்சு பொரிக்காதது கூமுட்டை!

பித்தளைக் குடத்தில் விழுவது ஒடுக்கு, தட்டி எடுக்கலாம். மண்பானையில் விழுவது விரிசல். தண்ணீர் நிற்காது, தானியம் நிற்கும். விளிம்பு போனால் மூளி! தோடில்லாத காதும் மூளிக்காதுதான். ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழியிலும் இப்படி ஒன்று உண்டு: விளிம்பு உடைந்த கிண்ணத்துக்கும் முனை உடைந்த பல்லுக்கும் 'பங்' என்ற ஒரே சொல்!

முடிக்காமல் விட்டதற்கு? மொட்டைக் கோபுரம்! ஸ்ரீரங்கத்தில் பல நூற்றாண்டு மொட்டையாக நின்றது, 1987-இல் 236 அடி ராஜகோபுரமாக நிமிர்ந்தது. மொட்டை என்றால் இடிந்தது என்று பொருளில்லை, இன்னும் கட்டலாம் என்று பொருள்!

இன்று எல்லாவற்றுக்கும் 'டேமேஜ்' என்ற ஒரே சொல். எதைத் தைப்பது, எதைத் தட்டுவது, எதைக் கஞ்சிக்கு வைப்பது என்று அது சொல்லுமா? கரிசல் மக்களின் பேச்சைத் தேடித் தேடிச் சேர்த்து, 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். உங்கள் வீட்டு ஆச்சியிடமும் அகராதி ஏறாத சொற்கள் இருக்கும். இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள்!