துறைமுகம் நமது வாசலில், திறவுகோல் யாரிடம்?

திருகோணமலையில் தேநீர்க் கடையிலாயினும் திருமண வீட்டிலாயினும் அரசியல் பேச்சு எழுந்தால், அது எங்கெங்கோ சுற்றி இறுதியில் துறைமுகத்திலேயே வந்து நங்கூரமிடுவது வழக்கம். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை வைத்திருக்கும் மக்கள் கொழும்பிடம் ஏன் கையேந்த வேண்டும் என்ற கேள்வியைத் தந்தை கேட்டார், இன்று மகன் கேட்கின்றான். வளமுள்ள ஒரு பிரதேசம் தன் வளத்தின் பலத்தில் மத்திய அரசை எதிர்த்து நிற்க முடியுமா, அதனினும் மேலே சென்று பிரிந்து போகத்தான் முடியுமா என்பதே அக்கேள்வியின் உட்பொருளாகும். உணர்ச்சியை ஒருபுறம் வைத்து, சட்டத்தையும் வரலாற்றையும் கணக்கையும் கொண்டு இதனை ஆராய்வது தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களுக்கும் பயன் தரும் என நாம் கருதுகின்றோம்.

முதலில் வளத்தைக் கணக்கெடுப்போம். கொழும்புத் துறைமுகத்தைப் போலப் பத்து மடங்கு நீர், நிலப் பரப்பு திருகோணமலைத் துறைமுகத்துக்கு உண்டெனத் துறைமுக அதிகாரசபையே கூறி வந்துள்ளது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிச் சென்ற எண்ணெய்க் குதங்களில் 99 எஞ்சியுள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ பத்து இலட்சம் தொன். துறைமுகக் கரையில் பிரிமா மாவாலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும் இயங்குகின்றன. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகிய கனியங்கள் செறிந்த மணல் உண்டு. சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவையெல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் அடங்குகின்றன.

ஆயினும் வளம் ஓரிடத்தில் இருப்பது வேறு, அது அவ்விடத்தவருக்கு உரித்தாக இருப்பது வேறு. 1987 நவம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தது. துறைமுகங்கள், கப்பற்றுறை, சுங்கம், வெளிநாட்டு வர்த்தகம், கனியங்கள் ஆகியன மத்திய அரசுக்கென ஒதுக்கப்பட்ட நிரலில் இடம்பெற்றன. காணி மாகாண சபை நிரலில் இடம்பெற்ற போதிலும், அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரியதென அதன் பின்னிணைப்பு கூறுகின்றது. அரச காணி மீதான நியாயாதிக்கம் மாகாணத்துக்கு இல்லையென 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே திருகோணமலையின் கப்பற்றுறை 1979 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த துறைமுக அதிகாரசபைக்கும், புல்மோட்டை மணல் அரச கம்பனிக்கும் உரியது. மாவாலையும் சீமெந்து ஆலையும் செலுத்தும் பெறுமதி சேர் வரி திறைசேரிக்குச் செல்கின்றது. மாகாண சபைக்கு எஞ்சுவது திறைசேரி திருப்பி அனுப்பும் பணமே. மாகாணங்கள் அறவிட்டு வந்த விற்றுமுதல் வரி 2011 இல் நீக்கப்பட்டு, அதற்கு ஈடாகத் தேச நிர்மாண வரியில் மூன்றிலொரு பங்கு வழங்கப்பட்டது. தேச நிர்மாண வரியும் 2019 டிசம்பரில் இல்லாதொழிந்தது. ஒரு மாகாணத்தின் வருமான ஊற்றை மத்திய அரசின் ஒரு தீர்மானம் இருமுறை மாற்றிவிடக் கூடுமாயின், அந்த மாகாணத்தைச் செல்வந்த மாகாணம் என அழைப்பது பொருந்தாது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மேல் மாகாணத்திலேயே உருவாகின்றது என்பதையும் மறத்தலாகாது. கிழக்கு வளமுள்ளது, ஆனால் செல்வமுள்ளதன்று.

சட்டத்தின் நிலை இன்னும் தெளிவானது. அரசியலமைப்பின் 2 ஆம் உறுப்புரை இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்கின்றது. 1983 ஓகஸ்டில் நிறைவேறிய 6 ஆவது திருத்தம், நாட்டின் ஆள்புலத்துக்குள் தனி அரசு அமைவதை ஆதரிப்பதையே குற்றமாக்கியது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் அதன் விளைவாகவே நாடாளுமன்ற ஆசனங்களை இழந்தனர். எனினும் அதே சட்டத்தின் எல்லை எதுவென்பதை 2017 ஓகஸ்ட் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம் வரையறுத்தது. பிளவுபடாத நாட்டுக்குள் சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என, இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கில் அது தீர்ப்பளித்தது. அக்கட்சி 1956 ஓகஸ்டில் சமஷ்டிக் கோரிக்கையை வலியுறுத்தி மாநாடு கூட்டியதும் திருகோணமலையில் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பிரிவினைக்கு சட்டத்தில் வழியில்லை. அதிகாரப் பகிர்வைக் கோருவதற்கு வழியுண்டு.

எதிர்த்துப் பார்த்த அனுபவமும் திருகோணமலைக்கு உண்டு. 1988 நவம்பரில் தெரிவான வடக்கு கிழக்கு மாகாண சபையின் தலைநகர் இதுவே. அதிகாரங்களும் நிதியும் உரியவாறு கைமாறவில்லை என்ற மனக்குறை முற்றி, 1990 மார்ச் 1 ஆம் திகதி முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் தனியான குடியரசைப் பிரகடனப்படுத்தும் தீர்மானத்தைச் சபையில் முன்வைத்தார். அம்மாத இறுதிக்குள் இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவினர் இதே துறைமுகத்திலிருந்து கப்பலேறினர்; முதலமைச்சரும் இந்தியா சென்றார். சபையின் அரைப்பங்குக்கு மேற்பட்ட உறுப்பினர் அரசியலமைப்புக்குக் கீழ்ப்படிய மறுத்தால் அச்சபை கலையும் என்ற திருத்தச் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. உலகின் கவனத்தை ஈர்க்கும் துறைமுகம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும், அந்தப் பிரகடனத்தை அங்கீகரிக்க ஒரு நாடும் முன்வரவில்லை.

இது இங்கு மட்டும் நடந்ததன்று. 1960 ஜூலையில் கொங்கோவின் செப்புச் சுரங்க மாகாணமான கட்டங்கா பிரிவினையை அறிவித்தது. சுரங்கக் கம்பனியின் பணமும் வெளிநாட்டுக் கூலிப்படையும் துணை நின்றன. ஆயினும் எந்த நாட்டின் முறையான அங்கீகாரமும் கிட்டாமல், 1963 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் படையின் முன் அது முடிவுற்றது. ஸ்பெயினின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்ட கட்டலோனியா 2017 ஒக்டோபர் 27 ஆம் திகதி சுதந்திரத்தை அறிவித்தது. அன்றைய தினமே மத்திய அரசு அரசியலமைப்பின் 155 ஆம் உறுப்புரையைப் பயன்படுத்தி ஆட்சியைக் கையேற்றது. அதற்கு முன்பே பெரும் வங்கிகள் தம் பதிவு அலுவலகங்களை வேறு மாகாணங்களுக்கு மாற்றிவிட்டன. செல்வம் எதிர்ப்புக்கு அரண் எனக் கருதப்பட்டது. ஆபத்து வந்ததும் முதலில் வெளியேறியது அச்செல்வமே.

திருகோணமலையை இன்னொரு சிங்கப்பூர் ஆக்கலாம் என்போர் பலர். சிங்கப்பூர் 1965 ஓகஸ்ட் 9 ஆம் திகதி மலேசியாவிலிருந்து பிரிந்தது உண்மை. ஆனால் அது எதிர்த்துப் பிரிந்ததன்று. மலேசிய அரசே அதனை வெளியேற்றியது. இரு தரப்பும் ஒப்பமிட்ட உடன்படிக்கையும் மலேசிய நாடாளுமன்றத்தின் சட்டமும் அதற்கு இருந்தன. அதன் பின்னரும் குடிநீருக்கு அது ஜொகூரையே நாடியிருந்தது. மத்திய அரசின் சம்மதத்தோடு நிகழ்ந்த பிரிவை, சம்மதமின்றிப் பிரிவதற்கு முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது.

திருகோணமலைக்கு இன்னொரு விசேட நிலையும் உண்டு. அதன் பெறுமதி பெரிதாகையால் அதனைப் பற்றிய முடிவுகள் கொழும்பிலும் முழுமையாக எடுக்கப்படுவதில்லை. 1987 ஜூலை 29 ஆம் திகதிய இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக இத்துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் வழங்குவதில்லை என இலங்கை உடன்பட்டது. 2022 ஜனவரியில் 99 குதங்களுள் 14 லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் எனப் பகிரப்பட்டன. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. இவ்வளவு வல்லரசு நலன்கள் குவிந்த ஓரிடத்தில், வளம் மக்களுக்குப் பேரம் பேசும் பலத்தைத் தருவதைவிட, மக்களைப் புறந்தள்ளிப் பிறர் பேரம் பேசுவதற்கான காரணத்தையே அதிகம் தருகின்றது. இந்த உடன்படிக்கைகளில் கிழக்கு மாகாணம் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

யாவற்றுக்கும் மேலான கேள்வி, பிரிவதோ எதிர்ப்பதோ யார் என்பது. 2012 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் முஸ்லிம்கள், 31 பேர் தமிழர், 27 பேர் சிங்களவர். எந்தச் சமூகமும் தனித்துப் பெரும்பான்மையன்று. 1987 உடன்படிக்கையின் கீழ் வடக்கும் கிழக்கும் இணைந்த போது, கிழக்கில் மூன்றிலொரு பங்கினராக இருந்த முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் ஆறிலொரு பங்களவினராகினர். அவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. கிழக்கில் நடத்துவதாகக் கூறப்பட்ட சர்வஜன வாக்கெடுப்பும் நடைபெறவில்லை. 1990 இல் முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டமையும், 2006 இல் சம்பூர்த் தமிழரும் மூதூர் முஸ்லிம்களும் சில மாத இடைவெளியில் ஊரிழந்து அகதிகளானமையும் நாம் மறைக்கக் கூடாத உண்மைகள். ஒருவரின் விடுதலை மற்றவரின் அச்சமாக இருக்கும் வரை எந்தத் துறைமுகமும் எவரையும் கரைசேர்க்காது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லுபடியற்றதாக்கிய போது ஒரு சமூகம் இழப்பாகவும் மற்றொன்று நிம்மதியாகவும் அதனை உணர்ந்தமை இவ்விடைவெளியின் அளவுகோல் எனலாம்.

இந்த இடத்தில் நாம் பார்க்க வேண்டிய பிரதேசம் ஆச்சே. இந்தோனேசியாவின் மேற்கு முனையில் உள்ள அந்த முஸ்லிம் மாகாணத்தில் இயற்கை வாயு நிறைந்திருந்தது. அதன் பயன் ஜகார்த்தாவுக்குச் சென்றது. முப்பதாண்டு ஆயுதப் போர் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி நம்மைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை அவர்களையும் தாக்கியது. 2005 ஓகஸ்ட் 15 ஆம் திகதி ஹெல்சிங்கியில் இரு தரப்பும் உடன்பட்டன. பிரிவினைக் கோரிக்கை கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக எண்ணெய், வாயு வருமானத்தில் 70 சதவீதம் ஆச்சேக்கு உரியதாயிற்று. அதே ஆண்டு ஜூனில் இங்கு அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் ஆழிப்பேரலை நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பில் ஒப்பமிட்டன. பேரலையால் பெரிதும் பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் ஒப்பமிடும் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் அது செயலற்றுப் போயிற்று. ஒரே கடல், ஒரே பேரழிவு, இரு வேறு முடிவுகள். ஆச்சேயின் கதையும் முழு மகிழ்ச்சியானதன்று. உரிமை கிட்டிய காலத்தில் வாயு வற்றத் தொடங்கிவிட்டது. காலம் தாழ்ந்து கிடைக்கும் பங்கு குறைந்த பங்கே என்பதற்கு அதுவும் சான்று.

ஆகவே ஆரம்பக் கேள்விக்கு விடை இதுவே. வளத்தை மட்டும் நம்பி ஒரு பிரதேசம் பிரிந்து செல்ல முடியாது. உள்ளே ஒற்றுமையும், தானே அறவிடும் வருமானமும், வெளியே அங்கீகாரமும் இன்றேல் எதிர்த்து நிற்கவும் இயலாது. ஆனால் சட்டத்துக்குள் நின்று தன் பங்கைக் கேட்க முடியும். அதற்கு முதல் தேவை கேட்பதற்கான வாய். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றம் 2018 ஓகஸ்டில் நிராகரித்ததோடு தேர்தல் முடங்கி, 2025 முடியவும் நடத்தப்படவில்லை. எண்ணெய்க் குதங்கள் பகிரப்பட்டதும், எரிசக்தி மையத்துக்கு ஒப்பமிடப்பட்டதும், மக்கள் தெரிவு செய்த சபை இல்லாத இக்காலத்திலேயே ஆகும். இதற்குப் பிரிவினைச் சட்டத்தைக் காரணம் காட்ட எவராலும் முடியாது.

2012 தேர்தலில் தமிழரசுக் கட்சி 11 ஆசனங்களையும் முஸ்லிம் காங்கிரஸ் 7 ஆசனங்களையும் பெற்றன. 37 பேர் கொண்ட சபையில் அறுதிப் பெரும்பான்மைக்கு ஒன்றே குறைவு. அன்று அவை சேரவில்லை. 2015 இல் சேர்ந்து, முஸ்லிம் முதலமைச்சரின் கீழ் தமிழ் அமைச்சர்களும் பணியாற்றினர். அந்த இரண்டரை ஆண்டுகள் பொற்காலமன்று. ஆயினும் அது இயலும் என்பதற்கு அத்தாட்சி. துறைமுக வருமானத்தில் மாகாணத்துக்குச் சட்டபூர்வமான ஒரு பங்கு, கனிய மணலில் புல்மோட்டை மக்களுக்கு ஒரு பங்கு, புதிய உடன்படிக்கைகளில் மாகாணத்துக்கு ஓர் இருக்கை ஆகியவற்றை இரு சமூகங்களும் ஒரே குரலில், சிங்கள அயலவரின் நியாயமான பங்கையும் சேர்த்துக் கேட்குமாயின், அதைப் பிரிவினை எனத் தட்டிக்கழிப்பது எந்த அரசுக்கும் கடினமாகும்.

நமது வாசலில் இருக்கும் துறைமுகத்தின் திறவுகோல் இன்று நம் கையில் இல்லை. அதனைப் பறித்தெடுக்க முயன்றோர் வெறுங்கையோடு திரும்பினர். இரு கைகள் சேர்ந்து கேட்டுப் பார்க்கும் முயற்சியோ இன்னும் முழுமையாக மேற்கொள்ளப்படவில்லை.