சேதாரம் இல்லாத வைரம்

‘என் மகன் இரவெல்லாம் கணினியில் மாணிக்கம் தோண்டுகிறான். திரையை எட்டிப் பார்த்தால் மாணிக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. எழுத்துகளும் புள்ளிகளும்தான் ஓடுகின்றன. இது விளையாட்டா, வியாதியா?’ என்று கேட்டிருக்கிறார் இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர்.

பையன் ஆடுவது ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ ஆகத்தான் இருக்க வேண்டும். டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற இரு அமெரிக்கச் சகோதரர்கள் 2002-இல் தொடங்கிய வேலை. 2006 ஆகஸ்டில் முதன்முதலாக வெளியே விட்டார்கள். இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நிரல் எழுதும் தம்பி டார்ன், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, ஆடுபவர்கள் விரும்பிக் கொடுத்த நன்கொடையிலேயே பல வருடம் காலம் தள்ளினார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் இந்த விளையாட்டைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ‘மைன்கிராஃப்ட்’ உருவானதில் இதற்கும் பங்கு உண்டு. ஆகவே, பையனுக்கு வியாதி என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

குள்ளர்கள் ஏழு பேர் ஒரு மலையடிவாரத்தில் வந்து இறங்குவார்கள். அவர்களை வைத்துக் கோட்டை கட்ட வேண்டும். அதற்கு மேல் விதிமுறைகளை விளக்கினால் இந்த இதழ் போதாது. இங்கே பேச வேண்டியது அதில் வரும் ரத்தினக் கற்களைப் பற்றி மட்டும்.

பெரும்பாலான விளையாட்டுகளில் வைரம் என்பது ஒரு படம். கல்லை உடைத்தால் விழும். எங்கே உடைத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கல் வகைகள், பலவும் தமக்கென்று உரிய தாய்ப்பாறையில்தான் கிடைக்கின்றன. வைரம் வேண்டுமா? முதலில் கிம்பர்லைட் என்ற பாறையைக் கண்டுபிடிக்க வேண்டும். கிம்பர்லைட், காப்ரோ என்ற கரிய பாறைக்குள் நரம்புபோல ஓடும். காப்ரோ இல்லாத மலையில் ஆயுசு முழுக்கக் குடைந்தாலும் வைரம் கிடையாது. குடியேறும் இடத்தைத் தேர்வு செய்யும்போது உலோகம் உண்டா என்று ஆட்டம் கோடி காட்டும். ரத்தினத்தைப் பற்றி வாயே திறக்காது. பாறையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் ஊகம் கைகொடுக்கும்.

இது கற்பனை வேலை இல்லை. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரால்தான் அந்தப் பாறைக்குப் பெயர் வந்தது. 1871 முதல் 1914 வரை மண்வெட்டியும் கடப்பாறையுமாக மனிதர்கள் அங்கே தோண்டிய ‘பெரிய குழி’யிலிருந்து 2,700 கிலோவுக்கு மேல் வைரம் வந்தது. பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே உருவான வைரங்களை எரிமலைக் குழாய்கள் மேலே கொண்டுவந்து போட்ட இடம் அது. நம் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூரிலும் கிம்பர்லைட் குழாய்கள் உண்டு. பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த விஷயம், குகை குகையாகக் குடைந்து ஏமாந்த பதினைந்து வயதுப் பையனுக்கு மறக்கவே மறக்காது.

இருந்தாலும் இந்த விளையாட்டிலேயே மிகச் சுவையான விசித்திரம் வைரத்தில் இல்லை, மாணிக்கத்தில் இருக்கிறது. சிவப்பு மாணிக்கமும் நீலக்கல்லும் இங்கே பாக்சைட்டுக்குள் கிடைக்கும். ஆம், அலுமினியம் எடுக்கிற அதே பாக்சைட். முதலில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சட்டி பானை செய்கிற கனிமத்துக்குள் மாணிக்கமா?

வேதியியல் தெரிந்தவர் சிரிக்க மாட்டார். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் இரு நிறங்கள். குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். கிரேக்க நாட்டின் நக்ஸோஸ் தீவில், பழைய பாக்சைட் படிவங்கள் மண்ணுக்குள் அழுந்தி, வெந்து, குருந்தம் நிறைந்த சாணைக்கல்லாக மாறியிருக்கின்றன. ஆக, ஆடம்ஸ் சகோதரர்கள் போட்ட முடிச்சு முழுப் பொய் அல்ல. பல கோடி ஆண்டு நடக்கிற சமையலை அவர்கள் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். நிஜத்தில் பர்மாவின் மோகோக் மாணிக்கங்கள் சலவைக்கல்லுக்குள் பிறந்தவை. நம் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டினார்கள். மாணிக்கம் எதுவும் புறப்படவில்லை.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. கைநிறையப் பாக்சைட் இருந்தும் குள்ளர்களுக்கு அதிலிருந்து அலுமினியம் எடுக்கத் தெரியாது! விளையாட்டின் தொழில்நுட்பம் ஏறக்குறைய 1400-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. பாக்சைட்டிலிருந்து பெறும் அலுமினாவை மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் முறையை ஹாலும் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது 1886-இல். ஆகவே தனி உலோகமாக அபூர்வமாய்க் கிடைக்கும் அலுமினியம் இங்கே தங்கத்தைவிட விலை அதிகம்: தங்கத்தின் மதிப்பு 30, அலுமினியத்தின் மதிப்பு 40. இதுவும் வரலாறுதான். 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க அமெரிக்கர்கள் தேர்ந்தெடுத்த உயர்ந்த உலோகம் அலுமினியம். இரண்டே ஆண்டில் அதன் அந்தஸ்து சரியத் தொடங்கியது.

சரி, கல் கிடைத்துவிட்டது. அடுத்தது பட்டை தீட்டுவது.

இங்கேதான் பாறைகளுக்குக் காட்டிய அக்கறையை ஆடம்ஸ் சகோதரர்கள் தொழிலாளிக்குக் காட்டவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நகைப் பட்டறை ஒன்றைக் கட்டி, ‘வெட்டு’ என்று கட்டளை கொடுத்தால் போதும். ஒரு கரடுமுரடான கல் உள்ளே போகும். ஒரு பட்டை தீட்டிய கல் வெளியே வரும். எப்போதாவது அதிர்ஷ்டம் இருந்தால் பெரிய கல்லோ, கல்லாலான சிறு அலங்காரப் பொருளோ வரும். தூள் இல்லை, உடைசல் இல்லை, எடைக்குறைவு இல்லை. நகைக்கடை வாசலில் ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று பலகை தொங்குமே, அதில் பாதியை நிஜமாகவே நிறைவேற்றியவர்கள் இந்தக் குள்ளர்கள்தான்.

நிஜ உலகில் சேதாரமே கதை. கோஹினூர் 1852-இல் லண்டனில் மறுபடி பட்டை தீட்டப்பட்டபோது 186 காரட்டிலிருந்து 105.6 காரட்டுக்கு இறங்கியது. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பொடியாகப் போயிற்று. எங்கே வெட்டினால் ஒளி கூடும், எவ்வளவு எடையை இழக்கலாம், உள்ளே இருக்கும் விரிசலை எப்படி ஒதுக்குவது என்று கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் பட்டை தீட்டுபவரின் மூளைவேலை. நட்சத்திர மாணிக்கம், நட்சத்திர நீலம் இரண்டும் இந்த விளையாட்டில் விலை உயர்ந்த வரிசையில் இருக்கின்றன. ஆனால் கல்லுக்குள் ஊசி ஊசியாகப் படிந்த ரூட்டைல் கனிமத்தால்தான் ஆறு கதிர் தெரிகிறது, அதற்குப் பட்டை போடாமல் மேடு தட்டி வழவழப்பாக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் நட்சத்திரம் ஓரத்துக்குப் போய்விடும் என்ற நுட்பமெல்லாம் இங்கே கிடையாது. இலங்கையின் இரத்தினபுரியில் கல்லை விளக்கொளியில் பிடித்து மணிக்கணக்காக யோசிக்கிற கிழவர்களைப் பார்த்தவருக்கு இந்த அவசரம் உறுத்தும்.

சேதாரத்தை விட்டுவிட்டவர்கள் செய்கூலியில் வட்டியும் முதலுமாக ஈடுகட்டியிருக்கிறார்கள். கல்லை வெட்டுவது ஒரு திறமை, பதிப்பது வேறொரு திறமை. நேற்றுவரை ஆடு மேய்த்த குள்ளன் ஒரு வைரத்தைக் கட்டிலில் பதித்தால் அந்தப் பதிப்புக்கு ஒரு மடங்கு மதிப்பு. அதே வைரத்தை அதே கட்டிலில் கைதேர்ந்தவர் அற்புதமாகப் பதித்தால் 12 மடங்கு. நடுவே இன்னும் நான்கு படிகள். கல் மாறவில்லை, கட்டில் மாறவில்லை, கைதான் மாறியது. இந்த ஒரு கணக்குக்காகவே ஆடம்ஸ் சகோதரர்களைப் பாராட்டலாம். நகைக்கடையில் கல்லுக்கு ஒரு விலை, தங்கத்துக்கு ஒரு விலை என்று பேசி முடித்து, பதித்தவர் கூலியில் பேரம் பேசுகிறவர்கள் அவசியம் ஆடிப் பார்க்க வேண்டும்.

மதிப்பிடுவதற்கும் ஆள் வேண்டும். ஒவ்வொரு வருடமும் வசந்தத்தில் எல்ஃபுகள் என்னும் வனவாசிகள், கோடையில் மனிதர்கள், இலையுதிர் காலத்தில் குள்ளர் நாட்டு வணிகர்கள் என்று வண்டி கட்டி வருவார்கள். கோட்டையின் தரகருக்கு மதிப்பிடும் திறமை இல்லையென்றால் பொருள்களின் விலை திரையில் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போன கதைதான். கைப்பிடி மாணிக்கத்தைக் கொடுத்துவிட்டு ஒரு பீப்பாய் மதுவை வாங்கி வருகிற கோட்டைகள் நிறைய.

எல்ஃபுகள் வேறு ரகம். மரம் வெட்டினால் பொறுக்காதவர்கள். மரப்பெட்டியில் ரத்தினத்தை வைத்து நீட்டினாலே முகம் சுளித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதைவிட நுட்பம் ஒன்று உண்டு. மணலை உருக்கிப் பச்சைக் கண்ணாடி செய்து, அதையும் ரத்தினம்போல வெட்டலாம், எல்ஃபுகள் வாங்கிக்கொள்வார்கள். தெளிந்த கண்ணாடிக்கோ மரச்சாம்பலிலிருந்து காய்ச்சி எடுக்கும் முத்துச்சாம்பல் வேண்டும். அதனால் தெளிந்த கண்ணாடியை எல்ஃபுகள் தொட மாட்டார்கள். ஒரு பொருளை வாங்கும்போது அது எந்த மரத்தை எரித்து வந்தது என்று நினைத்துப் பார்க்கிற வாடிக்கையாளர்களை இந்த விளையாட்டு கேலியாகத்தான் படைத்தது. ஆனால் அந்தக் கேள்வியில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

இனி அந்தப் பையன் தூங்காமல் இருப்பதற்கான காரணத்துக்கு வருவோம். கோட்டையில் இருபது பேர் சேர்ந்த பிறகு, திடீரென்று ஒரு குள்ளருக்கு ஆவேசம் வரும். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஒரு பட்டறைக்குள் புகுந்து, மற்றவர்களை வெளியே விரட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். கோயில் கொடையில் அருள் வந்தவர் எலுமிச்சம்பழம் கேட்பதுபோல, அவருக்கும் குறிப்பிட்ட பொருள்கள் வேண்டும்: வெட்டாத கல், வெட்டிய கல், எலும்பு, சங்கு, துணி. வாய்விட்டுக் கேட்காமல் படம் மட்டும் வரைந்து காட்டுபவர்களும் உண்டு. கேட்டது கிடைத்தால் உலகில் இன்னொன்று இல்லாத ஒரு கலைப்பொருளைச் செய்து முடிப்பார். பெரும்பாலும் அந்தத் தொழிலில் ஒரே நாளில் பெரும் வித்தகராகிவிடுவார். கிடைக்காவிட்டால் சோகத்தில் ஒடுங்கிப்போவார், அல்லது பித்துப்பிடித்துத் திரிவார், அல்லது வெறிகொண்டு எதிர்ப்பட்டவர்களை வெட்டுவார். அதனால் அனுபவசாலிகள் வெட்டாத கல்லில் கொஞ்சத்தை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பார்கள். ‘எல்லாவற்றையும் பட்டை தீட்டிவிட்டோம்’ என்று பெருமைப்பட்ட கோட்டைகள் ஒரே ஒரு கரட்டுக்கல் இல்லாமல் அழிந்திருக்கின்றன.

செல்வம் ஏற ஏற வெளியே கண்ணும் விழும். பொருள் சேர்ந்த கோட்டையைத் தேடித் திருடர்கள் வருவார்கள், பிறகு காப்லின் என்னும் குட்டிச்சாத்தான்களின் படை வரும், சில சமயம் டிராகனும் வரும். ரத்தினத்தால் சன்னல் செய்யலாம். வெட்டிய கல் மூன்று போதும். சன்னல் வைத்த கையோடு மதிலையும் உயர்த்த வேண்டும்.

இவ்வளவு செய்த ஆடம்ஸ் சகோதரர்கள் ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை. எந்தக் கல்லும் எந்தக் குள்ளனின் ராசிக்கும் நல்லது செய்யாது. மாணிக்கம் போட்டுக்கொண்டால் பதவி வரும், நீலம் போட்டுக்கொண்டால் சனி விலகும் என்ற கணக்கே இல்லை. நம் ஊரில் ரத்தினம் என்று பேச்செடுத்தாலே அது ஜோதிடத்தில் போய் முடிகிறது. மாதச் சம்பளத்தை ஒரு நீலக்கல்லுக்குக் கொடுப்பவர், அது சூடேற்றி நிறம் கூட்டிய கல்லா என்று கேட்பது அபூர்வம். இலங்கையின் பால்நிறக் கற்களைத் தாய்லாந்தில் உலையில் வைத்து நீலமாக்கும் தொழில் 1970-களிலேயே தொடங்கிவிட்டது. இன்று சந்தையில் சூடேற்றாத கல்தான் அபூர்வம். அதை மறைக்காமல் சொல்லி விற்பவர் நேர்மையான வியாபாரி. கேட்காமல் வாங்குபவரை என்ன சொல்வது?

கல்லைப் படிக்க நமக்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி என்றொரு ஊர். அங்குள்ள அனார்த்தசைட் பாறை நிலவின் பாறையை ஒத்தது என்பதால், அதைப் பொடித்து நிலவு மண் தயாரித்துச் சந்திரயான் சோதனைகளுக்கு இஸ்ரோ பயன்படுத்தியது. குருந்தமும் கிடைக்கும் பாறைப் பகுதி அது. காங்கேயம் அருகே நொய்யல் கரையில் கொடுமணலில், சங்ககாலத்திலேயே கல்மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் தடயங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் காலடியில் வைத்துக்கொண்டு, பள்ளியில் நிலவியலை நாலு பக்கத்தில் முடிக்கிறோம். காப்ரோ எது, பசால்ட் எது என்று அமெரிக்க விளையாட்டு ஒன்று வந்து நம் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

வாசகருக்கு ஒரு யோசனை. விளையாட்டைப் பிடுங்க வேண்டாம். தூங்கும் நேரத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விடுமுறையில் பையனை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அவன் திரையில் வெட்டிய கற்களின் பெயர்களை அங்கே பெட்டிக்குள் நிஜமாகப் பார்க்கலாம். எழுத்துகளைப் பார்த்து உங்களுக்குக் கண் வலித்தால், 2022 டிசம்பரில் படங்களோடு வந்த கட்டணப் பதிப்பு இருக்கிறது. பழைய எழுத்துப் பதிப்பு இன்றும் இலவசம்தான்.