‘இங்கிலீஷ் தெரியாத பிள்ளை’ என்று சொல்லலாமா?



தவணை முடிந்து முன்னேற்ற அறிக்கை வந்தால் நம்மில் பலர் ஆங்கிலப் புள்ளியைத்தான் முதலில் பார்க்கிறோம். குறைந்திருந்தால் “இவனுக்கு மண்டையில ஏறாது” என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். அதற்கு முன் சில பெயர்களை விளங்கிக்கொள்வது நல்லது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. பாடசாலையில் ஆங்கிலத்தை ‘இரண்டாம் மொழி’யாகக் கற்பிக்கிறார்கள். ‘இரண்டாம் தேசிய மொழி’ என்பது வேறு பாடம். தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்கு அது சிங்களம். ‘இருமொழிக் கல்வி’ என்றால் கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்திலேயே படிப்பது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

‘இரண்டாம்’ என்பதை வரிசை எண்ணாகவும் எடுக்க வேண்டாம். அம்பாறை மாவட்டத்து இறக்காமத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. குர்ஆன் மத்ரஸாவில் அரபு எழுத்தைக் கூட்டி ஓதுகிறது. பாடசாலையில் சிங்களமும் ஆங்கிலமும் படிக்கிறது. எண்ணிப் பார்த்தால் அதற்கு ஆங்கிலம் நாலாவது. நம் லயத்துப் பிள்ளைக்கும், டவுனில் கேட்கும் சிங்களத்தைச் சேர்த்தால், மூன்றாவது.

வெளிநாடுகளிலும் இந்தப் பெயர்கள் மாறி வந்திருக்கின்றன. அமெரிக்கச் சட்டம் 1978இல் இப்படிப்பட்ட பிள்ளைகளை ‘ஆங்கிலத் திறன் மட்டுப்பட்டவர்’ என்றது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஆங்கிலம் கற்பவர்’ என்கிறது. முந்திய பெயர் பிள்ளையிடம் இல்லாததைச் சொன்னது. பிந்தியது பிள்ளை செய்வதைச் சொல்கிறது. இங்கிலாந்தில் ‘ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கொண்டவர்’ என்று பதிகிறார்கள். வீட்டில் வேறு மொழி புழங்குகிறது என்பதே அதன் பொருள். நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கும் அதே பெயர்தான். லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையை அப்படிப் பதிந்தால் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

ஆகவே பெற்றோர் செய்யக்கூடியவை:

1. “ஆங்கிலம் வீக்” என்று டீச்சர் சொன்னால், கேட்பதிலா, பேசுவதிலா, வாசிப்பதிலா, எழுதுவதிலா என்று கேளுங்கள். எங்கே உதவி தேவை என்று அப்போதுதான் தெரியும்.

2. நமக்கு இங்கிலீஷ் வராதே என்று கவலைப்பட வேண்டாம். வீட்டில் தமிழில் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். தமிழில் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும்.

3. ‘இங்கிலீஷ் தெரியாதவன்’ என்று கூப்பிடாதீர்கள். ‘இங்கிலீஷ் படிச்சுக்கிட்டிருக்கான்’ என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்.