பழுது பார்த்தல்

'பார்த்தல்' என்பது தமிழிலே மிக எளிய சொல். கண் செய்யுந் தொழிலே அதன் முதற்பொருள். ஆயினும், வைத்தியர் வைத்தியம் பார்க்கின்றார். தாய் பிள்ளையைப் பார்க்கின்றாள். நோயுற்றவரை உறவினர் பார்க்கின்றனர். கெட்டுப்போன வண்டியைத் தொழிலாளி பழுது பார்க்கின்றான். கண்ணாற் காண்பதும் கையாற் பேணுவதும் ஒன்றென்றே நம் முன்னோர் கருதினர் போலும். முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு இலக்கணஞ் சொல்லிவருகின்ற நான், இந்தச் சொல்லின் பொருளை 2024 ஆவணி மாதத்திலேதான், ஒரு கராச்சிலும் ஓர் ஆசுபத்திரியிலுமாகக் கற்றுக்கொண்டேன்.

என் தமக்கையாருக்கு அப்போது வயது 64. தாயார் காலமானபின் என்னை வளர்த்தவர் அவரே. கரவெட்டியிலே, எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கைக்கு அப்பால், தனியே வாழ்கின்றார். கணவர் இல்லை, பிள்ளைகள் இருவரும் கனடாவில். உணவு உண்டபின் வலப்பக்க விலாவின்கீழ் வலியெடுத்து முதுகுவரை ஓடுகின்றது என்று பல மாதங்களாகச் சொல்லிவந்தார். வாயுவென்றெண்ணிக் கஷாயம் வைத்துக் குடித்தார். ஸ்கான் செய்தபோதுதான் பித்தப்பையிலே கற்கள் இருப்பது தெரிந்தது.

ஈரல் சுரக்கின்ற பித்தத்தைச் சேர்த்துவைத்து, கொழுப்புணவு வரும்போது சுருங்கி அதனைக் குடலுக்கு விடுவது பித்தப்பையின் தொழில். கல் வாயிலை அடைக்கும்போது அந்தச் சுருக்கமே வலியாகின்றது. கல்லை மட்டும் எடுத்தால் மீண்டும் விளையும். பையையே அகற்றவேண்டும் என்றார் வைத்தியர். தமக்கையாருக்கு நீரிழிவும் உண்டு. ஆகவே, முதலிற் சீனியைக் கட்டுக்குக் கொண்டுவருமாறு சொல்லி, மூன்று வாரங் கழித்துச் சத்திரசிகிச்சைக்கு நாட் குறித்தனர்.

"அக்கா, ஒன்றுக்கும் யோசியாதேங்கோ. எங்கடை காரிலையே கொண்டுபோய், எங்கடை காரிலையே கூட்டிக்கொண்டு வருவன்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பின்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை.

எங்கள் கார் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். 1952 முதல் 1954 வரையுமே இங்கிலாந்திலே செய்யப்பட்ட வகை. ஐயா அதனை 1964 இல் ஒருவரிடமிருந்து வாங்கினார். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஏ-40 கார்கள் நெடுங்காலம் வாடகைக்கு ஓடிய கதையை வாசகர் அறிவர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, இவை மண்ணெண்ணெயிலே ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய கார்களுக்கு ஒவ்வாத அந்த உணவைப் பழைய எஞ்சின்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றிலே அமுக்கம் குறைவு. 1992 இல் ஒரு நள்ளிரவு, தமக்கையாரின் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மந்திகை ஆசுபத்திரிவரை கரும்புகை கக்கிக்கொண்டு ஓடியது இந்தக் கார்தான். அந்தப் பிள்ளைதான் இப்போது கனடாவிலிருந்து நாள்தோறும் தொலைபேசியிலே அழைத்து, "மாமா, அம்மாவைப் பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

குறித்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஓர் அலுவலாக யாழ்ப்பாணஞ் சென்று திரும்பும்போது, வல்லைவெளி நடுவிலே கார் ஆவி கக்கி நின்றது. ஒதுங்க நிழலில்லை, உப்புக்காற்று மட்டும் உண்டு. கயிறு கட்டி இழுத்து நெல்லியடிக் கராச்சிற் சேர்ப்பித்தோம். கராச்சுக்காரர் என்னிலும் மூத்தவர். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்து எனக்குக் காட்டினார். ஒயில் பால்தேநீர் நிறமாயிருந்தது.

"கஸ்கெற் போட்டுது, வாத்தியார்" என்றார்.

எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே வைக்கப்படும் மெல்லிய தகடே கஸ்கெற். எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், வழுக்கச்செய்யும் எண்ணெய் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று கலவாமற் காப்பது அது. அது கெட்டால் நீர் எண்ணெயிற் கலக்கும்; எஞ்சின் வாழாது. மூடியைக் கழற்றிச் சமனாக்குவதற்கு யாழ்ப்பாணம் அனுப்பவேண்டும். புதுக் கஸ்கெற் கொழும்பிலே தேடவேண்டும்.

அன்றுமுதல் பாடசாலை விட்டதும் நான் நேரே கராச்சுக்குப் போனேன். கொழும்பிலே தெரிந்தவர்களையெல்லாம் தொலைபேசியில் அழைத்தேன். கழற்றிய நட்டுகளை எண்ணெய்விட்டுத் துடைத்து வரிசையாக அடுக்கினேன். பொழுதுபட்டபின்னரே வீடு திரும்புவேன். தமக்கையாருக்குச் சோறும் இலைக்கறியும் கொண்டுபோனவள் என் மனைவி. சீனி அளந்து குறித்தவளும் அவளே. "மச்சாள் உங்களைக் கேட்டவ" என்பாள். "நாளைக்குப் போறன், கார் ஒருக்காச் சரிவரட்டும்" என்பேன். தமக்கையார் மூன்றுமுறை தொலைபேசியில் அழைத்தார். மூன்றுமுறையும் நான் கஸ்கெற்றைப் பற்றியே பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, உன்ரை அலுவலைப் பார்" என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சத்திரசிகிச்சையை நினைக்க அச்சம். 'சத்திரம்' என்றால் ஆயுதம் என்று மாணவர்க்குச் சொல்லும் எனக்கு, அந்த ஆயுதம் என்னை வளர்த்தவரின் உடலிற் படப்போவதை எண்ண இயலவில்லை. கழற்றவும் பூட்டவுங் கூடிய ஒன்றின் முன்னால் நிற்பது எளிதாயிருந்தது. அக்காவுக்காகவே உழைக்கின்றேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், என்னிடமும் சொன்னேன்.

அனுமதிக்குரிய நாளும் வந்தது. கஸ்கெற் வரவில்லை. தமக்கையாரை என் மனைவி ஒரு வாடகை வானிலே யாழ்ப்பாணம் கொண்டுபோனாள். நானோ, மாலைக்குள் கஸ்கெற் வந்தாலும் வருமென்று கராச்சிலே நின்றேன். அப்போதுதான் கராச்சுக்காரர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"வாத்தியார், கொழும்புச் சாமான் வருமட்டும் நீங்களும் நானும் இதைப் பார்த்துக்கொண்டு நின்றால் கஸ்கெற் முளைக்குமோ? இதைப் பார்க்க நான் இருக்கிறன். அக்காவைப் போய்ப் பாருங்கோ."

நான் பஸ் ஏறினேன்.

பெண்கள் விடுதியிலே ஆடவர் இரவு தங்க இயலாது. நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் எஞ்சியிருந்தது அரைமணிக்குங் குறைவு. தமக்கையார் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு ஒயில். "கையைக் கழுவிப்போட்டு வந்து இரு" என்றார். ஏழு வயதிலே சொன்ன அதே குரல். கழுவிவந்து அருகில் இருந்தேன்.

"உறுதி அலுமாரியிலை மேல்தட்டிலை இருக்கு. வளவு இரண்டு பிள்ளையளுக்கும் சரிபாதி. மாட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடு; அவள்தான் தண்ணி வைக்கிறவள். இதைச் சொல்லத்தான் எடுத்தனான், உனக்குக் கார் வேலை" என்றார்.

குற்றஞ்சாட்டும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே அது சுட்டது. மூன்று வாரமாகத் தம் சாவை எண்ணிக்கொண்டு, அதனைச் சொல்ல ஒருவரைத் தேடியிருக்கின்றார். அந்த ஒருவன் நட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கின்றான். மணி அடித்தது. எழுந்தேன். "நாளைக்கு நீ வெளியிலை நில். கார் வேண்டாம். நீ நின்றாற் காணும்" என்றார்.

மறுநாள் விடியற்காலையே போய் நின்றேன். சிறு துளைகள் இட்டுக் கருவி செலுத்திப் பையை எடுக்க முயல்வதாகவும், இயலாவிடில் வயிற்றைத் திறப்பதாகவும் வைத்தியர் முன்னமே சொல்லியிருந்தார். நேரம் நீண்டது. மனம் ஏட்டுக்குள் ஓடி ஒளிந்தது. கிறீன் வைத்தியரை நினைத்தேன். 1847 இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்தவர் அவர். சத்திரசிகிச்சையைத் தமிழிற் சொல்லும் 'இரணவைத்தியம்' என்னும் நூல் அவர் முயற்சியால் 1867 இல் வெளிவந்தது. நோவு தெரியாமல் அறுப்பதற்கு ஈதர் பயன்படுவது 1846 இலேதான் உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது. குளோரபோம் 1847 இல் வந்தது. பித்தப்பையை முதன்முதல் அகற்றியவர் ஜேர்மனியரான லாங்கன்பூக், ஆண்டு 1882. துளைவழியே அகற்றும் முறை 1985 இல் வந்தது. இவ்வாறு ஆண்டுகளை அடுக்கிக்கொண்டே போனேன். நேற்றுவரை நட்டுகளை அடுக்கியவனும் நானே என்பது நினைவுக்கு வந்தது. அடுக்குவதை நிறுத்தினேன். கதவைப் பார்த்துக்கொண்டு வெறுமனே இருந்தேன்.

மூன்று மணிநேரத்தின் பின் கதவு திறந்தது. பை அழன்று ஒட்டியிருந்ததால் வயிற்றைத் திறந்தே எடுத்தார்களாம். அக்கா பிழைத்துவிட்டார்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே, மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கென்று முடிக்கின்றார். நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக நிற்பவன் 'உழைச்செல்வான்'. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று உதவுபவனே அவன். பரிமேலழகர் அவனுக்கு வேண்டிய இயல்புகளுள் நோயாளியிடத்து அன்புடைமையையும் எண்ணுகின்றார். இந்தப் பாடத்தை எத்தனையோ வகுப்புக்கு நடத்தியிருக்கின்றேன். பதவுரை பிழைக்காமற் சொல்லியிருக்கின்றேன். வண்டி உதவும்; பணம் உதவும்; ஆனால் அவை பக்கத்தில் இருக்கமாட்டா. இருப்பதற்கு ஆள் வேண்டும்.

அடுத்த ஏழு நாளும் பார்வை நேரந் தவறாமற் போனேன். தையல் நோகுமென்று மூச்சை அடக்கினால் நெஞ்சிற் சளி கட்டும் என்று தாதியர் சொல்லியிருந்தனர். ஆதலால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆழமாக மூச்செடுக்கப் பழக்கினேன். விடுதியின் நடைவழியிலே கைபிடித்து நடத்தினேன். எனக்கு நடை பழக்கிய கை அது.

இதற்கிடையில் கஸ்கெற்றும் வந்தது. மூடியின் நட்டுகளை ஓரத்திலிருந்து இறுக்கலாகாது. நடுவிலே தொடங்கி வெளிநோக்கி, சிறிது சிறிதாக, சுற்றுச் சுற்றாக இறுக்கவேண்டும் என்று கராச்சுக்காரர் எனக்கு விளக்கினார். எட்டாம் நாள் தமக்கையாரைப் பின்னாசனத்திலே தலையணை வைத்து இருத்தி, குழிகளுக்கு விலத்தி, மெல்ல வந்தேன். வல்லைவெளியிலே காற்று வீசியது. "கண்ணாடியை இறக்கிவிடு தம்பி" என்றார்.

கராச்சுக்காரர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். புதுக் கஸ்கெற் சூட்டிலே படிந்து இளகும். சில நூறு மைல் ஓடியபின் திரும்பக் கொண்டுவந்து நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். ஒருமுறை பார்த்தது போதாது என்று. காரை அவ்வாறே கொண்டுபோனேன். தமக்கையார் வீட்டுக்கு இப்போது நாள்தோறும் மாலையிற் போகின்றேன். பெரிய அலுவல் ஒன்றுமில்லை. திண்ணையில் இருப்பேன். அவர் மாட்டைப் பற்றிச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.